மதகு தூக்கிய கைக்கு கீபோர்டு வருமா? ஒரு லஸ்கரின் சந்தேகங்கள்

லஸ்கர்தாத்தா (புதியவர்) · 2024 மே 26

எல்லோருக்கும் வணக்கம். இதைத் தட்டுவது என் பேத்தி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு சும்மா இருக்கிறாள். சொல்வது நான். மேலே உள்ள பெயரும் அவள் வைத்ததுதான்.

ஊர் நீடாமங்கலம் பக்கம். 1987-லிருந்து 2019 வரை பொதுப்பணித்துறையில் லஸ்கர் வேலை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மதகை ஏற்றி இறக்குவது, தண்ணி மட்டம் காட்டுகிற கேஜ் பலகை பார்த்து எழுதி செக்‌ஷன் ஆபீசுக்குச் சொல்வது, ராத்திரி டார்ச்சோடு கரையைச் சுற்றி வருவது. ரொம்ப காலம் மூணாறு தலைப்பில் இருந்தேன். அங்கேதான் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும், மிச்சம் வெண்ணாறாகவே போகும்.

ஆபீஸ் ரிஜிஸ்டர் ஆபீசோடு போச்சு. அது தவிர என் சொந்தத்துக்கு ஒரு டைரி எழுதுவேன், உரக்கடையில் வருஷா வருஷம் கொடுப்பார்களே அந்த டைரி. தண்ணி எப்போது வந்தது, மதகு எத்தனை அடி தூக்கினோம், எந்த இடத்தில் கரை கசிந்தது, யார் வந்து சண்டை போட்டார், எல்லாம் இருக்கும். முப்பத்திரண்டு டைரி. 2018-ல் கஜா புயலன்று ஓடு பறந்ததில் இரண்டு நனைந்து கூழாகிவிட்டது. மீதியும் செல்லரிப்பதற்குள் இண்டர்நெட்டில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை.

பக்கத்து டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். மூன்று மாத கோர்ஸ். முதல் வாரம் முழுக்க மானிட்டர் படம் வரை, மவுஸ் படம் வரை, பாகம் குறி என்றார்கள். மவுஸைத் தொடவே விடவில்லை. நின்றுவிட்டேன்.

என் கேள்வி இதுதான். பிளாக் வைத்துக்கொள்வதா, ஃபேஸ்புக்கா? கம்ப்யூட்டர் வேண்டுமா, போன் போதுமா? இந்த வயதில் ஆகிற காரியமா?

சுள்ளான்_ஆரூர் · மே 26

தாத்தா வெல்கம். பிளாக்கெல்லாம் இப்ப யார் படிக்கிறாங்க? மதகைத் திறக்கும்போது போனை நீட்டி ஒரு நிமிஷ வீடியோ, பின்னால ஒரு பாட்டு. பிச்சுக்கும்.

லஸ்கர்தாத்தா · மே 26

தம்பி, ரிட்டயர் ஆனவனை மதகுப் பக்கம் விடமாட்டார்கள். திருகு சாவி இப்போது வேறு ஆளிடம் இருக்கிறது.

வெளியூர்க்காரி · மே 27

ஐயா, சொந்த ஊர் மன்னார்குடி, இருப்பது ஷார்ஜாவில். 2006-ல் பிளாக் எழுத ஆரம்பித்தவள் நான். அப்போது தமிழ்மணம் என்று ஒரு திரட்டி இருந்தது. நாம் ஒரு பதிவு போட்டால் அதன் முகப்பில் தலைப்பு வந்து நிற்கும். அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு வருவதற்குள் கீழே எட்டுப் பேர் சண்டை போட்டிருப்பார்கள். அந்தத் திரட்டியும் போச்சு, சண்டை போட்டவர்களும் ஃபேஸ்புக்குக்குக் குடிபோய்விட்டார்கள். சுள்ளான் சொல்வது பொய்யில்லை, கூட்டம் பிளாக்கில் இல்லை.

ஆனாலும் உங்கள் விஷயத்துக்கு பிளாக்தான் பொருந்தும். ஃபேஸ்புக்கில் போட்டது மூன்று நாளில் அடியில் போய்விடும், அப்புறம் போட்டவரே தேடினாலும் கிடைக்காது. டைரி என்பது தேதி வரிசை. பிளாக்கும் தேதி வரிசைதான். பிளாக்கரில் ஒரு வசதி உண்டு, பதிவின் தேதியை நாமே பின்னால் தள்ளி வைக்கலாம். 1994 ஜூன் 18-ல் எழுதிய பக்கத்தை இன்றைக்கு ஏற்றினாலும் தேதி 1994 ஜூன் 18 என்று போட்டுவிடலாம். உங்கள் முப்பது டைரியும் அப்படியே அடுக்கின மாதிரி உட்கார்ந்துவிடும். லேபிள் என்று இன்னொன்று. கோரையாறு, பாமணியாறு, உடைப்பு என்று ஒட்டி வைத்தால், கோரையாறு வேண்டுகிறவர் அதை மட்டும் தட்டிப் படிப்பார்.

காசு கிடையாது. 1999-ல் வந்த சேவை, 2003-ல் கூகுள் வாங்கியது, இன்னும் ஓடுகிறது. ஆனால் நாளைக்கு மூடமாட்டோம் என்று யாரும் நமக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. நான் பட்டது: படங்களை எல்லாம் வேறொரு இலவசத் தளத்தில் ஏற்றி அங்கிருந்து பிளாக்கில் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தளம் கடையைக் கட்டிவிட்டது. என் அம்மா செய்த அசோகா அல்வாவின் படம் இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு சாம்பல் கட்டம் இருக்கிறது. அம்மாவும் இல்லை. அதனால் மாதம் ஒருமுறை செட்டிங்ஸில் போய் பேக்கப் எடுத்து பெண்டிரைவில் வைத்துவிடுங்கள். படங்களின் மூலப்பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

அச்சகத்தான் · மே 27

கும்பகோணத்தில் டி.டி.பி கடை வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். தொழிலுக்கு விரோதமாக ஒன்று சொல்கிறேன் ஐயா. டைரியைக் கொண்டுபோய் எந்தக் கடையிலும் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

லஸ்கர்தாத்தா · மே 27

தாமதமாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரு டைரியைக் கொடுத்து 1,200 ரூபாய்க்கு அடித்து வாங்கியாச்சு. பேத்தி அதை பிளாக்கில் ஒட்டினாள். வெள்ளைக்காரன் தும்மின மாதிரி வந்து நிற்கிறது.

அச்சகத்தான் · மே 28

தும்மல்தான். காரணம் சொல்கிறேன், எல்லோருக்கும் பயன்படும்.

பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. அந்த முகமூடி எங்கள் கடை கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதனால் தமிழாகத் தெரிகிறது. உங்கள் பிளாக்கில் அது இல்லை, உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் பல்லை இளிக்கின்றன. யூனிகோடு என்கிற ஒருங்குறியில் அப்படி இல்லை. ‘க’வுக்கு ஒரு எண், உலகத்தில் எந்தப் போனில் திறந்தாலும் அது ‘க’தான்.

பணம் வீணாகவில்லை, மாற்றிகள் இருக்கின்றன. ஃபைலை எனக்கு அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன். ஆனால் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள். பாமினியில் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க. ஒருங்குறியில் க முதலில், கொம்பு பின்னால். மாற்றி இதைத் திருப்பிப் போட வேண்டும், ‘கொ’, ‘கோ’ வருகிற இடங்களில் சில சமயம் சறுக்கிவிடும். உங்கள் டைரியில் கோரையாறு எத்தனை தடவை வருமோ!

மீதி டைரிகளை நீங்களே அடிக்கப் பழகுங்கள். பழைய லேப்டாப் ஒன்று போதும். தமிழ்99 விசைப்பலகை இப்போதைய விண்டோஸிலேயே உள்ளே இருக்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிர் எழுத்தெல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

சுள்ளான்_ஆரூர் · மே 28

அண்ணே, இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ்ல வருமே, அது எதுக்கு ஆகாது?

அச்சகத்தான் · மே 28

உனக்கு ஆகும். ஐயாவுக்கு எதற்கு? தமிழை எழுத ஆங்கில ஸ்பெல்லிங் யோசிக்க வேண்டுமா? ‘ழ’வுக்கு எத்தனை எழுத்து போடுவது என்று தெரிவதற்குள் அவருக்கு எழுத வந்ததே மறந்துவிடும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன் என்பது இந்தக் களத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கடைமடை · மே 30

எல்லாம் சரி. எனக்கு ஒரு கேள்வி. நான் தலைஞாயிறு பக்கம், அரிச்சந்திரா நதிப் பாசனம். அந்த டைரிகளில் 2012-ம் இருக்கிறதா?

அந்த வருஷம் மேட்டூரைத் திறந்ததே செப்டம்பர் 17. குறுவை போச்சு. சம்பாவுக்கு எங்கள் வாய்க்காலில் வந்தது நாய் நக்கிக் குடிக்கிற அளவு. முறை வைக்கிறோம் என்று சொன்னார்கள். எங்கள் முறை வரும்போது ஆற்றில் மணல்தான் இருந்தது. மேலே எந்த மதகு எத்தனை நாள் தூக்கியே இருந்தது என்று உங்கள் டைரியில் இருக்கும் இல்லையா? அதையும் போடுவீர்களா, இல்லை நுங்கும் நுரையும் என்று மலரும் நினைவுகள் மட்டும்தானா?

மட்டுறுத்துநர் · மே 30

கேள்வி கேட்கலாம். தனி ஆள் மீது குற்றச்சாட்டு வேண்டாம்.

கணக்குடீச்சர் · மே 31

மயிலாடுதுறையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை. 66 வயது. மூன்று வருஷமாக ஃபேஸ்புக்கில் கணக்குப் புதிர் போடுகிறேன்.

லஸ்கர் ஐயா, கை வலித்தால் வாயால் சொல்லுங்கள். 2017-லிருந்தே கூகுளில் தமிழில் பேசினால் எழுதிக்கொள்கிறது. போன் கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டுவிட்டு டைரியைப் பார்த்து வாசித்தால் போதும். நான் பாதிப் பதிவு காய் நறுக்கிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

இன்னொன்று, இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஃபேஸ்புக் வைத்த ஆறாவது மாதம் எனக்கு ஒரு அழைப்பு. என்னிடம் படித்த பையன் என்றான், பெயரும் வகுப்பும் சரியாகச் சொன்னான். எல்லாம் என் பக்கத்திலேயே கிடந்த விவரங்கள் என்று அப்போது தோன்றவில்லை. “டீச்சர், தெரியாமல் உங்கள் நம்பருக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்துவிட்டது, சொல்லுங்கள்” என்றான். சொன்னேன். முப்பத்தாறு வருஷம் எண்ணைச் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே! அது என் வாட்ஸ்அப்பைத் திறக்கிற எண். பத்து நிமிஷத்தில் என் பெயரில் என் தங்கைக்கும் சம்பந்திக்கும் அவசரச் செலவு, பணம் அனுப்பு என்று செய்தி போகிறது. சம்பந்தி அனுப்பியே விட்டார். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்தோம், பாதிப் பணம் வங்கியில் முடங்கித் திரும்பியது. சம்பந்தி முகத்தில் விழிக்கத்தான் இரண்டு பொங்கல் ஆயிற்று.

வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது, இன்றைக்கே பேத்தியை விட்டுப் போடச் சொல்லுங்கள். அந்த ரகசிய எண்ணை காலண்டரில் எழுதி ஆணியில் மாட்டாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் மாட்டினார்.

லஸ்கர்தாத்தா · ஜூன் 4

வணககம. இது நானே அடிததது. பேததி இலலை.

(தாத்தா புள்ளியைத் தேடி அரை மணி நேரம் ஆச்சு. மிச்சத்தை அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். – பேத்தி)

கடைமடைத் தம்பிக்கு. 2012 டைரி இருக்கிறது. கேட்டது நியாயம். போடுவேன். ஆனால் மதகை எத்தனை அடி தூக்குவது என்று லஸ்கர் முடிவு பண்ணுவதில்லை. மேலேயிருந்து சொல்வார்கள், தூக்குவோம். சொல்லாமல் யாராவது ராத்திரி வந்து தூக்கினால் காலையில் இறக்குவோம். அப்படித் தூக்கினவர்கள் பெயரும் டைரியில் உண்டு. அதில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை, மீதிப் பேர் கடைத்தெருவில் எதிரே வருகிறார்கள். பெயர் போடமாட்டேன். அடி, அங்குலம், தேதி எல்லாம் போடுவேன். இது என் சொந்த டைரி, ஆபீஸ் கணக்கு அல்ல என்று முதல் பதிவிலேயே எழுதிவிடச் சொல்லியிருக்கிறேன்.

டீச்சர் அம்மா சொன்ன மைக்கில் பேசிப் பார்த்தேன். “ஷட்டரை ரெண்டு அடி தூக்கினேன், ஆயிரம் கன அடி தண்ணி போச்சு” என்று வாசித்தேன். “சட்டையை ரெண்டு அடி தூக்கினேன், ஆயிரம் கண்ணடி தண்ணி போச்சு” என்று எழுதியிருக்கிறது.

சுள்ளான்_ஆரூர் · ஜூன் 4

தாத்தா!!! இந்த வயசுல ஆயிரம் கண்ணடியா? இதை மட்டும் வீடியோவா போடுங்க, நான் கேரண்டி.

கணக்குடீச்சர் · ஜூன் 4

அதற்கு ஷட்டர் தெரியாது ஐயா, மதகு என்று சொல்லிப் பாருங்கள். ‘கன’ சொல்லி ஒரு மூச்சு விட்டு ‘அடி’ சொல்லுங்கள். மாணவன் மந்தம்தான், ஆனால் தினமும் பேசினால் கொஞ்சம் தேறுகிறான்.

அச்சகத்தான் · ஜூன் 5

போனில் இருக்கும் சாதா தமிழ் கீபோர்டில் ஒவ்வொரு புள்ளியும் நாம்தான் வைக்க வேண்டும். தமிழ்99-க்கு வாருங்கள். உங்கள் ‘அடிததது’ அங்கே தானாக ‘அடித்தது’ ஆகிவிடும்.

லஸ்கர்தாத்தா · ஜூன் 13

வணக்கம. மகனுடைய பழைய லேப்டாப் வந்துவிட்டது. அச்சகத்தார் சொன்ன மாதிரி ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால் புள்ளி தானாக வந்துவிடுகிறது. கடைசி எழுத்துக்குத்தான் புள்ளி வைக்க எஃப் தட்ட மறந்துபோகிறது. இந்தப் பதிவு முழுக்க நான் அடித்தது. இரண்டு மணி நேரம ஆச்சு.

பழகியது எங்கே என்று சொன்னால் சிரிப்பீர்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் தெரியும் இல்லையா? மகன் கார் ஓட்டுகிறவன், அவனோடு போனால் கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிற நேரமே ஒரு நாளைக்கு அரை மணி. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அ, இ, உ, க, ப, ம தட்டுவேன். கூட்ஸ் வண்டி இன்ஜின் மாற்றுகிற நாளில் ஒரு பக்கமே முடிந்துவிடும்.

நேற்று ஜூன் 12, வழக்கமாக மேட்டூர் திறக்க வேண்டிய நாள். திறக்கவில்லை, அணையில் தண்ணி இல்லை. அதனால் முதல் பதிவாக அதையே எழுதினேன். டைரிகளைப் புரட்டினேன். 2012 செப்டம்பர் 17. 2013 ஆகஸ்ட் 2. 2014 ஆகஸ்ட் 15. 2015 ஆகஸ்ட் 9. 2016 செப்டம்பர் 20. 2017 அக்டோபர் 2. 2018 ஜூலை 19. இந்த ஏழு வருஷமும் ஒரு தடவை கூட ஜூன் 12 இல்லை. வேலையில் இருந்தபோது ஒவ்வொரு வருஷமும் ‘இந்த வருஷம் லேட்’ என்று எழுதி வந்திருக்கிறேன். ஏழையும் ஒரே பக்கத்தில் அடித்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

பதினோரு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது.

வெளியூர்க்காரி · ஜூன் 13

ஐயா, உங்கள் சொந்தப் பார்வையையும் அது எண்ணும். அதை நிறுத்த ஒரு தேர்வு இருக்கிறது.

லஸ்கர்தாத்தா · ஜூன் 14

நிறுத்திப் பார்த்தேன். நான்கு பேர். அதில் பேத்தி ஒன்று.

கடைமடை · ஜூன் 14

நான் ஒன்று. படித்தேன். 2012 செப்டம்பர் 17-க்கு அப்புறம் என்ன ஆச்சு என்பது இன்னும் வரவில்லை.

வெளியூர்க்காரி · ஜூன் 14

மனம் தளர வேண்டாம். பிளாக்கை வீடாக வைத்துக்கொள்ளுங்கள், ஃபேஸ்புக்கைத் திண்ணையாக. திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால்தான் ஆள் உள்ளே வருவார்கள். டைரிப் பக்கம் ஒன்றைப் படமெடுத்து, கீழே இரண்டு வரி எழுதி, பிளாக் இணைப்பைக் கொடுங்கள். உங்கள் ஊர்க் குழுக்கள், நெல் விவசாயிகள் குழுக்கள் நிறைய இருக்கின்றன. படத்தின் நடுவில் மெலிதாக உங்கள் பிளாக் பெயரை எழுதிவிடுவது முக்கியம். ஓரத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிடுவார்கள்.

லஸ்கர்தாத்தா · ஜூலை 2

வெளியூர்க்காரி அம்மா சொன்னதில் முதல் பாதியைச் செய்தேன், நடுவில் பெயர் எழுதுவதை விட்டுவிட்டேன். அதன் பலன்:

1994 டைரியில் ஆற்றில் வெள்ளம் கரை முட்டப் போன அன்றைக்கு எழுதிய பக்கத்தை ஃபேஸ்புக்கில் போட்டேன். நானூறு பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் பட்டுக்கோட்டையிலிருந்து என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். “மாப்பிள்ளை, இதைப் பாருங்க, வெள்ளைக்காரன் காலத்துக் குறிப்பு, உங்களுக்குப் பிடிக்கும்.” பார்த்தால் என் பக்கம். மேலே சிவப்பு எழுத்தில் ‘1924 பெருவெள்ளத்தை நேரில் கண்டவரின் டைரி! தமிழனாக இருந்தால் பகிரவும்!’

1924-ல் காவிரியில் பெரிய வெள்ளம் வந்தது உண்மை. என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் பால்பாயிண்ட் பேனாவில், உரக்கடை டைரியில், மூலையில் டி.ஏ.பி விளம்பரத்தோடா? விளம்பரத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். மச்சானிடம் இது என் கையெழுத்து என்றேன். “சும்மா இருங்க மாப்பிள்ளை” என்கிறார்.

சுள்ளான்_ஆரூர் · ஜூலை 2

தாத்தாவுக்கு இப்ப நூத்தி இருபது வயசு.

அச்சகத்தான் · ஜூலை 3

சிரித்தாலும் விஷயம் பெரிது. ஐயா, மூலப் பக்கத்தை பிளாக்கில் தேதியோடு, விளம்பரத்தோடு முழுசாகப் போட்டுவிடுங்கள். யார் கேட்டாலும் அந்த இணைப்பை அனுப்பினால் போதும், வாதாட வேண்டாம். கையில் இருக்கிற மதகுப் படங்களை விக்கிமீடியா பொதுவகத்திலும் ஏற்றலாம், எடுத்தவர் பெயர் அங்கே பதிவாகிவிடும். எடுத்தது நீங்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து ஓடுகிறது, நம் ஆறுகளைப் பற்றிய கட்டுரைகளுக்கு இன்னும் எவ்வளவோ படம் வேண்டும்.

லஸ்கர்தாத்தா · ஜூலை 19

2012 போட்டாயிற்று. மூன்று பதிவாக. கடைமடைத் தம்பி படிக்கவும். எந்தெந்த நாள் வெண்ணாற்றுப் பக்கம் எவ்வளவு, கோரையாற்றுப் பக்கம் எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. இரண்டு ராத்திரி எங்களுக்குத் தெரியாமல் தூக்கியதும் இருக்கிறது. அதில் ஒரு ராத்திரி நான் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தேன், போகவில்லை. அதையும் எழுதிவிட்டேன்.

கடைமடை · ஜூலை 21

படித்தேன்.

எங்களுக்கு முறை என்று சொன்ன நாட்களில் உங்கள் மதகு உண்மையிலேயே தூக்கித்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் தண்ணி நடுவில் எங்கே போச்சு என்று எங்கள் ஊரில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசினோம். பன்னிரண்டு வருஷமாக உங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். காய்ச்சல் விஷயம் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

லஸ்கர்தாத்தா · ஆகஸ்ட் 2

ஜூலை 28 மேட்டூர் திறந்தார்கள். 30-ம் தேதி 120 அடி நிரம்பிவிட்டது. ஜூன் முழுக்க வானத்தைப் பார்த்தவனுக்கு இப்போது உபரி, கொள்ளிடத்தில் வெள்ளம்.

நேற்று ராத்திரி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. மதகுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுகின்றன. ‘கல்லணை உடைந்தது, கரையோரம் யாரும் தூங்க வேண்டாம்.’ தெருவே விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது, அது முக்கொம்பு. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனது. 1836-ல் கட்டின மேலணை. அப்போது நான் வேலையில் இருந்தேன், அன்றைக்கு எங்கள் பக்கம் யாரும் கண் மூடவில்லை.

குழுவில் குரலில் சொன்னேன். “பெருசு, உங்களுக்கு என்ன தெரியும், லைவ் வீடியோ இது” என்று ஒரு பையன். சரி என்று பேத்தி காட்டிக்கொடுத்தபடி வீடியோவை நிறுத்தி, திரையைப் படமெடுத்து, கூகுள் லென்ஸில் போட்டேன். 2018 செய்திகள் வரிசையாக வந்தன. ஒன்றின் இணைப்பைக் குழுவில் ஒட்டினேன். அதோடு, கல்லணை எங்கே, முக்கொம்பு எங்கே, எது உடைந்தால் தண்ணி எந்தப் பக்கம் போகும் என்று நாலு வரி, நானே அடித்தது, புள்ளி எல்லாம் வைத்து. ஒவ்வொரு விளக்காக அணைந்தது.

காலையில் அந்த நாலு வரி வலங்கைமான் வரை போயிருக்கிறது. இந்தத் தடவை என் பெயரோடு.

கணக்குடீச்சர் · ஆகஸ்ட் 2

எங்கள் தெருவுக்கும் அந்த வீடியோ வந்தது ஐயா. நான் நம்பிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். லென்ஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

லஸ்கர்தாத்தா · ஆகஸ்ட் 2

கூகுள் தேடுகிற கட்டத்தில், மைக்குக்குப் பக்கத்தில் ஒரு காமிரா மாதிரி படம் இருக்கும் அம்மா. அதுதான்.

சுள்ளான்_ஆரூர் · ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு வாழ்த்துகள். தாத்தா, இன்னிக்காவது நுங்கும் நுரையும் எழுதுங்க, கடைமடை அண்ணன் கோவிச்சுக்க மாட்டார்.

லஸ்கர்தாத்தா · ஆகஸ்ட் 4

எழுதி பிளாக்கில் போட்டிருக்கிறேன். அதிலிருந்து கொஞ்சம்:

“முதல் தண்ணிக்குச் சத்தம் கிடையாது. சினிமாவில் காட்டுகிற மாதிரி பாய்ந்து வராது. காய்ந்த மணல் முதலில் குடிக்கும். ஒரு முழம் வரும், நிற்கும், மணல் புஸ் என்று மூச்சு விடும், குமிழி வெடிக்கும், அப்புறம் இன்னொரு முழம். அதன் முன்னால் எறும்புகள் ஓடும். செத்தையும் பழுப்பு நுரையும் ஒற்றைச் செருப்பு ஒன்றும் அதன் தலையில் வரும். நான் கூடவே கரையில் நடப்பேன். நடக்கிற வேகத்தை விட மெதுவாகத்தான் வரும், நின்று நின்று போக வேண்டும். மதகுக்கு வந்து சேர்ந்து பலகையில் முதல் அங்குலம் நனைந்ததும் மணி பார்த்து எழுதுவேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த நேரத்தை மட்டும் நான் யாரையும் எழுத விட்டதில்லை.”

வெளியூர்க்காரி · ஆகஸ்ட் 4

ஷார்ஜாவில் நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில் படித்தேன் ஐயா. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பேக்கப் எடுத்தீர்களா?

லஸ்கர்தாத்தா · ஆகஸ்ட் 4

எடுத்தேன் அம்மா. இரண்டு பெண்டிரைவ். ஒன்று அரிசிப் பானைக்குள்.

கடைமடை · ஆகஸ்ட் 15

இன்றைக்கு விடியற்காலை எங்கள் வாய்க்காலில் தண்ணி ஏறியது. நீங்கள் எழுதியது மாதிரியே கூடவே நடந்து வந்தேன், ஆனால் எங்கள் பக்கம் வரும்போது நுரை எல்லாம் இல்லை, களைத்துப்போய்த்தான் வருகிறது. படம் எடுத்து உங்கள் பிளாக்கில் கருத்துப் பெட்டியில் போடப் பார்த்தேன், படம் ஏறவில்லை. அதனால் ஃபேஸ்புக்கில் உங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறேன். மணி 5.40. எங்களிடம் கேஜ் பலகை கிடையாது. பூவரசங்குச்சி ஒன்றை நட்டு வைத்திருக்கிறேன்.

லஸ்கர்தாத்தா · ஆகஸ்ட் 15

பார்த்தேன் தம்பி. குச்சியில் கத்தியால் கோடு போட்டு வையுங்கள், தினம் காலை ஆறு மணிக்குப் பார்த்துச் சொல்லுங்கள். மேலே திறக்கிற அளவு செய்தியில் வந்துவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட பிளாக்கில் கட்டம் போடுவது எப்படி என்று பேத்தியைக் கேட்டிருக்கிறேன். இப்போது எவ்வளவு நிற்கிறது?

கடைமடை · ஆகஸ்ட் 15

நாலு விரற்கடை.